சுண்டுவிரல் பக்கத்துக் குழாய்

மார்ச் 24, செவ்வாய்

காலையில் அம்மாவுக்கு டிரெட்மில் பரிசோதனை. பாதிகூட நடக்கவில்லை. ஈசிஜி கோடு இறங்கியது. டாக்டர் நிஜாமுதீன் மெஷினை நிறுத்தச் சொன்னார். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் எங்கேயோ அடைப்பு. எங்கே, எவ்வளவு என்பது உள்ளே போய்ப் பார்த்தால்தான் தெரியும். "இந்த வாரமே ஆஞ்சியோ பண்ணிடலாம், செழியன்" என்றார். அவருடைய கேத் லேபில் நான் டெக்னீஷியன். ஊரார் மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாயை விட்டு இதயம்வரை போய்ப் பார்ப்பதுதான் எங்கள் பிழைப்பு. அம்மாவுக்கும் அதேதான். பெரிய விஷயமில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அம்மாவின் இடது மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. பங்குனித் திருவிழாவுக்குக் காப்பு கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அடுத்த புதன்கிழமை பூசாரி அவிழ்க்கும்வரை அது இறங்காது. அதுவரை கறி கிடையாது, வெளியூரில் தங்கக் கூடாது, முந்தின நாள் தீச்சட்டி எடுக்க வேண்டும்.

காலையில்தானே டாக்டர் சொன்னார் என்றேன்.

"ஆஞ்சியோ வலது கையிலதானடா போடுவீங்க? நான் கட்டியிருக்கறது இடது கையில. ஆத்தா வேலை ஆத்தாளுக்கு, ஒங்க வேலை ஒங்களுக்கு."

பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். கபடிக் களத்தில் கோடு போடுவது போல உடம்புக்கும் நடுவில் ஒரு கோடு போட்டுவிட்டாள்.

மார்ச் 25, புதன்

வலது கையில் குழாய் விடுவதற்கு முன் ஒரு சின்னச் சோதனை உண்டு. லேபில் செய்யலாம். ஆனால் எனக்கு எதையும் நாளைக்கு வைக்கப் பிடிக்காது. டியூட்டிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. இட்லித் தட்டை நகர்த்திவிட்டு அம்மாவின் கையைப் பிடித்தேன்.

கைக்கு ரத்தம் இரண்டு வழியாக வருகிறது. கட்டைவிரல் பக்கம் ஒரு தமனி. நாடி பிடித்துப் பார்ப்பது அதைத்தான். சுண்டுவிரல் பக்கம் இன்னொன்று, சற்று ஆழத்தில். இரண்டும் உள்ளங்கைக்குள் வில்லாக வளைந்து ஒன்றோடொன்று சேர்ந்துகொள்கின்றன. மேலாக ஒரு வளைவு, எலும்பை ஒட்டி அடியில் ஒரு வளைவு. அங்கிருந்து கிளை பிரிந்து ஒவ்வொரு விரலுக்கும் இரண்டு ஓரத்திலும் ஏறுகிறது. ஒரு வழி அடைத்துக்கொண்டால் மறு வழி முழுக் கைக்கும் சோறு போடும். சிலருக்கு மட்டும் வளைவு பாதியில் நின்றுவிடும். அவர்களுக்குக் கட்டைவிரல் பக்கத்துத் தமனியில் நாங்கள் கை வைத்து, அது பிற்பாடு அடைத்துக்கொண்டால், விரல் கறுத்துவிடும்.

சோதனை இதுதான். கையை இறுக்கி மூடச் சொல்லி இரண்டு தமனிகளையும் அழுத்திப் பிடிப்பது. கையைத் திறந்தால் உள்ளங்கை வெளுத்திருக்கும். பிறகு சுண்டுவிரல் பக்கத்தை மட்டும் விடுவது. உள்ளங்கை சீக்கிரம் சிவந்தால் நல்ல கை.

லேபில் கை பலகைமேல் கிடக்கும். இங்கே பலகைக்கு எங்கே போவது? உள்ளங்கை ஜன்னல் வெளிச்சத்தில் நன்றாகத் தெரியட்டும் என்று மணிக்கட்டைப் பின்னால் வளைத்துப் பிடித்துக்கொண்டேன்.

"வலிக்குதுடா. முறுக்கா பிழியுற?"

பேசாமல் விரலை நன்றாக விரிக்கச் சொன்னேன். இன்னும் என்றேன். விரித்தாள். சுண்டுவிரல் பக்கத்தை விட்டேன்.

வெள்ளை. காத்திருந்தேன். வெள்ளையாகவே இருந்தது. எத்தனையோ கை பார்த்திருக்கிறேன், இவ்வளவு சுத்தமான வெள்ளையைப் பார்த்ததில்லை. வருத்தம்தான். ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும், கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. பாடப்புத்தகத்தில் படம் போடலாம்.

அம்மாவிடம் விளக்கினேன். "ஒனக்கு வலது கையில வளைவு சரியா இல்லம்மா. சுண்டுவிரல் பக்கத்துக் குழாய் வேலை செய்யல."

"இந்தக் கையாலதான் குண்டு எறிதல்ல மாவட்டத்துல மெடல் வாங்குனேன்."

குண்டு எறிதலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிவிட்டு பஸ் பிடித்தேன். 'வலது கை: அப்நார்மல்' என்று ஃபைலில் எழுதி டாக்டரிடம் காட்டினேன். "நீ பாத்தா சரியாத்தான் இருக்கும்" என்றார். தானும் ஒருமுறை பார்க்கலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தால் வேலை நடக்காது.

மார்ச் 26, வியாழன்

இடது மணிக்கட்டு வழியாகப் போகலாம். ஆனால் காப்பை வெட்ட வேண்டும். மருந்து தடவி, சுத்தமான துணி போர்த்துகிற இடத்தில் மஞ்சளில் ஊறிய நூல் இருக்கக் கூடாது. தொடை இடுக்கு வழியாகவும் போகலாம். பழைய முறை, ஒன்றும் தப்பில்லை.

காப்பை வெட்டலாமா என்று கேட்டதற்கு அம்மா பதிலே சொல்லவில்லை. பி.டி. டீச்சர்கள் பதில் சொல்லாமல் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. தொடை இடுக்கு என்றதும்தான் பேசினாள்.

"அங்க யாரு நிப்பா?"

டாக்டர், ஜெசிந்தா சிஸ்டர், இரண்டு டெக்னீஷியன்கள் என்றேன்.

"ஒங்கூட டீ குடிக்கிற பயலுக. நம்ம வீட்டுக்கு வந்து எங்கையால பொங்கல் தின்னுட்டுப் போனவனுக. போடா."

மருத்துவத்தில் வெட்கம் கிடையாது என்று அரை மணி நேரம் பேசினேன். கேட்டுக்கொண்டே துணி மடித்து முடித்தாள். கடைசியில் டாக்டரே இறங்கிவந்தார். மாத்திரையைக் கூட்டிவிடுகிறேன், காப்பு அவிழ்த்த அன்றைக்கே இடது கையில் செய்துவிடலாம், அதுவரை வெயிலில் நடக்கக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, தீச்சட்டி கூடவே கூடாது என்றார். அம்மா தலையாட்டினாள். வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகள் பொய்யாகத் தலையாட்டுவதைப் பார்த்தவள். அதை நன்றாகவே கற்றுவைத்திருக்கிறாள்.

ஆக, ஒரு வழியை உடற்கூறு அடைத்துவிட்டது, ஒன்றை ஆத்தா, ஒன்றை மானம். மூன்றில் உடற்கூறு மட்டும்தான் நியாயமான காரணம்.

மார்ச் 27, வெள்ளி

நெஞ்சு வலிக்கிறதா என்று கேட்டேன். "ஒன்னப் பாக்கும்போது மட்டும்" என்றாள். மாத்திரை அட்டையை எண்ணினேன். வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையில் இரண்டு குறைகிறது.

மார்ச் 28, சனி

டியூட்டி முடிந்து வந்தால் வீடு முழுக்க வேப்பிலை. தீச்சட்டி எடுக்கப்போகிற பெண்கள் கொத்துக் கொத்தாகக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். கட்டவில்லை. ஒருத்தி கையை ஒருத்தி பிடித்து அழுத்திக்கொண்டிருந்தார்கள். நடுவில் அம்மா, நாற்காலியில்.

எதிர்வீட்டுப் பவுன்தாய் அக்கா என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். முகம் செத்திருந்தது. "எனக்கும் வளைவு இல்லையாம் தம்பி. நான் தினமும் ரெண்டு கொடம் தண்ணி தூக்குறவ. வெரல் கறுத்துருமா?"

யார் சொன்னது என்றேன். "டீச்சர்தான் பாத்துச் சொன்னாக. நீங்க கண்டுபுடிச்ச டெஸ்டாமே."

விசாரித்ததில், வந்திருந்தவர்களில் ஒருவர் தவிர எல்லோருக்கும் வளைவு இல்லை. இது நடக்காத காரியம். ஒரு தெருவுக்கே உள்ளங்கைத் தமனி குறையாக இருக்காது. தண்ணீரில் கோளாறா என்று ஒரு பாட்டி கேட்டுக்கொண்டிருந்தது. சிவந்த ஒரே கை மல்லிகா சித்தியுடையது. சித்திக்கு மூட்டுவாதம்; மணிக்கட்டு பின்னால் வளையவே வளையாது.

எப்படிச் செய்தீர்கள், காட்டுங்கள் என்றேன். அம்மா பவுன்தாய் அக்காவின் கையை வாங்கினாள். மணிக்கட்டைப் பின்னால் முறித்தாற்போல வளைத்தாள். "வெரல விரி. இன்னும்" என்றாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அப்படி வளைத்தால் தோலும் தசைநாரும் இழுபட்டு, சுண்டுவிரல் பக்கத்துத் தமனி தானாகவே நசுங்கும். யார் கையும் வெளுக்கும். எவன் இப்படிச் சொல்லிக்கொடுத்தது என்று கத்தினேன்.

அம்மா பவுன்தாய் அக்காவின் கையை மெதுவாக மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

எல்லோரையும் வேப்பிலை கட்டச் சொன்னேன். அசதியாக இருக்கிறது. படுக்கிறேன்.

மார்ச் 29, ஞாயிறு

மருத்துவத்தில் எந்தச் சோதனையையும் ஆவணத்துக்காக இன்னொரு முறை செய்து வைப்பது நல்ல வழக்கம்.

மத்தியானம் அம்மா சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் பாய் விரித்துத் தூங்கினாள். வலது கை பாயைத் தாண்டித் தரையில் கிடந்தது. பக்கத்தில் உட்கார்ந்தேன். தூங்குகிறவளை இறுக்கி மூடச் சொல்ல முடியாது. கையை உயர்த்திப் பிடித்து ரத்தத்தை வடியவிட்டு, இரண்டு தமனிகளையும் அழுத்தினேன். பிறகு தாழ்த்தி, மணிக்கட்டைத் தலையணை ஓரத்தில் நேராக வைத்தேன். விரல்கள் தானாக லேசாக மடங்கியிருந்தன. உள்ளங்கை வெளுத்திருந்தது. இவ்வளவு ரேகை இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. சுண்டுவிரல் பக்கத்தை விட்டேன்.

சிவப்பு அந்த ஓரத்திலிருந்து ஏறி, உள்ளங்கையைக் கடந்து, கட்டைவிரல்வரை போய்விட்டது. மூச்சு விட்டு வாங்குவதற்குள்.

"செவந்துச்சா?" என்றாள் அம்மா. கண்ணைத் திறக்கவில்லை.

"சும்மா பல்ஸ் பாத்தேன்" என்றேன்.

சரி என்று மறுபக்கம் திரும்பிப் படுத்தாள்.

சில உடம்புகளில் சில நாள் இடைவெளியில் முடிவு மாறலாம். பருவநிலை, உடம்புச் சூடு, பதற்றம் என்று பல காரணங்கள் உண்டு. நாளை டாக்டரிடம் சொல்லிவிட்டால் நாளையே வலது கையில் செய்துவிடலாம். காப்பு அது பாட்டுக்கு இருக்கும்.

மார்ச் 30, திங்கள்

சொல்லவில்லை. சொல்லத்தான் போனேன். டாக்டர் அறையில் புதிதாகச் சேர்ந்த மூன்று டெக்னீஷியன்கள் நின்றார்கள். அம்மாவின் ஃபைல் மேஜையில் திறந்திருந்தது. "அவசரக்காரனா இருந்தா இந்தக் கையில போட்டிருப்பான். செழியன் வீட்லயே பாத்துப் புடிச்சிட்டான். இந்தக் கவனம்தான் வேணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வெளியே வரும்போது ஜெசிந்தா சிஸ்டர் காதோடு சொன்னார், லேப் இன்சார்ஜ் பொறுப்புக்கு என் பேரை அனுப்பியிருக்கிறாராம்.

அந்த இடத்தில் போய், சார், ஒரு சின்ன விஷயம் என்று எப்படி ஆரம்பிப்பது? புதன்கிழமை எப்படியும் இடது கையில் செய்யப்போகிறோம். நடுவில் ஒரு நாள்தான். ஒரு நாளில் எதுவும் ஆகிவிடாது.

அம்மா தீச்சட்டி எடுக்க மாட்டேன், பார்த்துக் கும்பிட்டுவிட்டு வருகிறேன் என்றாள். சத்தியம் பண்ணச் சொன்னேன். காப்பு கட்டியிருக்கும்போது சத்தியம் பண்ணக் கூடாது என்றாள். அப்படி ஒரு விதி இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை.

மார்ச் 31, செவ்வாய்

பத்தரை மணிக்கு பவுன்தாய் அக்காவின் போன். சுற்றிலும் மேளம். "தம்பி, டீச்சர் சட்டிய எறக்கி வச்சுட்டு ஒக்காந்துட்டாக. நெஞ்சப் புடிக்கிறாக." டீச்சர் கையில் சட்டி எப்படி வந்தது என்று கேட்டேன். அது கேட்கிற நேரமா என்று அக்கா திட்டினார். சரிதான்.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். ஈரப் புடவை, நெற்றி முழுக்க மஞ்சள், முகத்தில் நிறமே இல்லை. ஈசிஜியை நான்தான் எடுத்தேன். கோட்டைப் பார்த்ததும் டாக்டர் நேராக லேபுக்குப் போகச் சொல்லிவிட்டார்.

மேஜையில் படுக்கவைத்ததும் ஜெசிந்தா சிஸ்டர் ஃபைலைப் பார்த்து, "ரைட் அப்நார்மல் சார். லெஃப்ட் போறோம்" என்று கத்தரிக்கோலை எடுத்தார். காப்பை வெட்ட வேண்டும் டீச்சர் என்று அம்மா காதில் சொன்னார்.

"வெட்டிக்கங்க" என்றாள் அம்மா.

அம்மா எதையும் இப்படிச் சட்டென்று ஒத்துக்கொண்டு நான் பார்த்ததே இல்லை. எனக்குப் பயம் வந்தது அப்போதுதான். ஈசிஜி பார்த்தபோது வரவில்லை.

"ரைட்லயே போடுங்க சார்" என்றேன்.

டாக்டர் திரும்பினார். "அப்நார்மல்னு நீதானய்யா எழுதியிருக்க?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை, பலகையில் கிடந்த வலது கையை எடுத்து, தானே இரண்டு பக்கமும் அழுத்தி, சுண்டுவிரல் பக்கத்தை விட்டார். அவர் விரலை எடுத்து முடிப்பதற்குள் சிவந்தது.

"இதையா அப்நார்மல்னு எழுதுன?"

"நான்தான் டாக்டர், அன்னைக்குக் கைய ஒழுங்கா காட்டல" என்றாள் அம்மா. பேசும்போது மூச்சு உடைந்தது. "அவன் நேரா வையின்னுதான் சொன்னான். நான்தான் முறுக்கிக்கிட்டேன்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். தலையாட்டுவது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் வரும்.

அவள் சொன்னதில் முழுப் பொய் என்று ஒன்றுமில்லை. கை அவளுடையதுதானே.

சொந்தக்காரர் உள்ளே நிற்கக் கூடாது என்பது லேப் விதி. நான் எழுதி ஒட்டிய விதி. வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். எத்தனை பேரிடம், பதட்டப்படாதீங்க, முடிஞ்சதும் சொல்லுவோம் என்று அந்தக் கதவைச் சாத்தியிருக்கிறேன். பக்கத்தில் இருந்த ஆள், உங்களுக்கு யாரு தம்பி உள்ளே என்று கேட்டார். சொன்னேன். "கவலப்படாதீங்க, இங்க நல்லாப் பாப்பாங்க" என்று எனக்கே ஆறுதல் சொன்னார்.

பெரிய குழாய் ஒன்றில் முக்கால்வாசிக்கும் மேல் அடைப்பு. ஸ்டென்ட் வைத்தாகிவிட்டது. டாக்டர் வெளியே வந்து, இது முந்தின வாரமே எடுத்திருக்க வேண்டியது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஏப்ரல் 1, புதன்

அம்மாவின் வலது கை: சூடு சரி, ஐந்து விரலும் சிவப்பு, நாடி இருக்கிறது. மணிக்கு ஒரு தடவை பார்த்தேன். "ஒனக்கு வேற நோயாளியே இல்லையா?" என்றாள்.

பூசாரி ஆஸ்பத்திரிக்கே வந்து காப்பை அவிழ்த்தார். வாசலில் செக்யூரிட்டி வேப்பிலையை உள்ளே விடவில்லை; நான் போய்ச் சொல்லி விடவைத்தேன். தொற்று விதிகளை எல்லா நேரமும் ஒரே மாதிரி பார்க்க முடியாது.

மாலையில் இன்சார்ஜ் உத்தரவு வந்துவிட்டது. கடைசி நேரத்தில் சந்தேகப்பட்டு மறுபடி பார்க்கச் சொன்னானே, அந்த நிதானம் நல்லது என்று டாக்டர் எழுதியிருக்கிறாராம். அம்மாவிடம் சொன்னேன்.

"நல்லது. இனிமே யாராச்சும் தப்பு பண்ணுனா நீ சொல்லித் திருத்தலாம்."

முகத்தில் சிரிப்பு இல்லை. அதிகம் பேச வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். டீ குடிக்கவில்லை. பசியில்லை.

ஏப்ரல் 3, வெள்ளி

வீட்டுக்கு அழைத்துவந்தாயிற்று. பவுன்தாய் அக்கா இப்போது வலது கையால் தண்ணீர்க் குடம் தூக்குவதில்லையாம். ஒரு வாரமாக இடது கைதான். வலது தோளில் தைல வாசம் போய் இடது தோளில் வருகிறது. அக்காவின் மருமகள் ஸ்கேன் எடுக்க மதுரைக்குப் போகலாமா என்று என்னிடம் கேட்டாள். வேண்டாம் என்றேன். ஏன் என்றாள். அப்புறம் சொல்கிறேன் என்றேன்.

ஏப்ரல் 5, ஞாயிறு

காலையில் நானே ஆள் அனுப்பி எல்லோரையும் வரச் சொன்னேன். சாப்பாட்டு மேஜையில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, ஒவ்வொரு கையாக அதன்மேல் நேராகக் கிடத்தி, வளைக்காமல், விரிக்காமல், அழுத்தி விட்டேன். பவுன்தாய் அக்காவின் கை குங்குமமாகச் சிவந்தது. அக்கா தன் உள்ளங்கையை யாரோ இப்போதுதான் கொடுத்த மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

பிறகு கேட்டார். கேட்பார் என்று தெரியும். "அப்ப டீச்சர் பாத்தப்ப ஏன் தம்பி வெளுத்துச்சு? டீச்சருக்குத் தப்பாச் சொல்லிக் குடுத்தது யாரு?"

அம்மா கூடத்துக் கட்டிலில் படுத்திருந்தாள். சீலிங் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த முறை அவள் வாயைத் திறக்கப்போவதில்லை என்று தெரிந்துவிட்டது. மல்லிகா சித்தி வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார்.

சொல்ல வேண்டியதைச் சொன்னேன். திங்கட்கிழமை டாக்டரிடமும் சொல்லப்போகிறேன் என்றும் சொன்னேன். என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதத் தேவையில்லை. கூடம் நிறைய ஆள் இருந்தது; இந்நேரம் கோயில் முக்குவரை போயிருக்கும்.

பிறகு பவுன்தாய் அக்கா, "அட, இதுக்குத்தானா ஒரு வாரமா இடது கையால தூக்குனேன்" என்று எழுந்து, தோளைத் தேய்த்துக்கொண்டே நகர்ந்தார். மேஜைக்கு எதிரே அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி காலியாக இருந்தது. நான் என் கையைத் துண்டின்மேல் வைத்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

கட்டிலில் இருந்து அம்மா, மைதானம் முழுக்கக் கேட்கிற குரலில், "என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? அடுத்த ஆள் வா" என்றாள்.